அரை லிட்டர் தண்ணீரும் அரை மணி நேரமும்

ரேடியேஷன் (கதிர் சிகிச்சை) பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் புராஸ்டேட் புற்றுநோயாளி யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். கையில் அரை லிட்டர் பாட்டில், கண் சுவர்க் கடிகாரத்தில், கால் ஓரிடத்தில் நிற்காது. பக்கத்து நாற்காலியில் ஃபைலோடு மனைவி. "இன்னும் ரெண்டு பேர்தாங்க, கொஞ்சம் அடக்கிக்குங்க" என்பார். உள்ளே மிஷின் மக்கர் பண்ணினால் அந்த ரெண்டு பேருக்கே ஒரு மணி நேரம் ஆகும். அவர் எழுந்து பாத்ரூமுக்கு ஓடிவிடுவார். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு.

இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஆண்களில் பெரும்பாலானோர் படுத்த படுக்கையாக இருப்பதில்லை. நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேப்பர் படிக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் "ஆளைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் சிகிச்சையின் பாதி வீட்டில்தான் நடக்கிறது. எப்போது தண்ணீர், எந்த மாத்திரைக்கு வெறும் வயிறு, ஊசி எந்தத் தேதி என்கிற கணக்குகள் எல்லாம் வீட்டில்தான். தப்பு நடப்பதும் அங்கேதான். அதனால் இது மனைவிமார்களுக்கான பதிவு. அறுபது, எழுபது வயதில் ரேடியேஷனும் ஹார்மோன் ஊசியும் சேர்த்து எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் இருக்கிறது.

முதலில் இந்தத் தண்ணீர் விஷயம். புராஸ்டேட் என்பது பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. மூத்திரப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு ஒட்டி முன்னால் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவில் புகுந்துதான் வெளியே வருகிறது. மூத்திரப்பை நிரம்பி இருந்தால் அதன் மேல்பகுதி கதிரிலிருந்து விலகி நிற்கும், சிறுகுடலையும் மேலே தள்ளிவிடும். மலக்குடல் காலியாக இருந்தால் புராஸ்டேட் தன் இடத்தில் இருக்கும். வாயு அடைத்திருந்தால் முன்னால் தள்ளப்படும். திட்டமிடுவதற்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் மூத்திரப்பையும் மலக்குடலும் எப்படி இருந்தனவோ, கிட்டத்தட்ட அதே நிலையில் ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். கதிரின் குறி மில்லிமீட்டர் கணக்கில் வைக்கப்படுகிறது. அதனால்தான் தினமும் மேஜையில் படுக்கவைத்து ஒரு சிறு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். சரியில்லை என்றால் இறக்கி விடுவார்கள். அது யாருடைய தோல்வியும் இல்லை, அவரைத் திட்டவும் வேண்டாம். இறக்கி விடுகிற சென்டர் ஒழுங்காக வேலை பார்க்கிறது என்றுதான் அர்த்தம்.

பல இடங்களில் சொல்லும் முறை இது: முதலில் பாத்ரூம் போய் முழுதாக இறக்கிவிட வேண்டும், உடனே சுமார் 500 மில்லி தண்ணீரை ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், அதன்பின் 30 முதல் 45 நிமிடம் போகாமல் இருக்க வேண்டும். அளவும் நேரமும் சென்டருக்கு சென்டர் மாறும். சி.டி. எடுத்த அன்று என்ன சொன்னார்களோ அதுதான் உங்கள் வீட்டுச் சட்டம். அன்று குடித்த பாட்டிலையே கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கு வீட்டுக்கு வீடு வேறு.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, அன்றைய அரை லிட்டரை மட்டும் நம்புவது. முந்தைய நாள் முழுக்க இரண்டு காபியும் ஒரு சொம்புத் தண்ணீரும் மட்டும் குடித்தவர் உடம்பு வற்றிப் போயிருக்கும். காலையில் உள்ளே போகிற அரை லிட்டரை உடம்பு முதலில் தனக்கு எடுத்துக்கொள்ளும், பைக்கு வருவது மிச்சம்தான். "குடிச்சேன் டாக்டர், சத்தியமா குடிச்சேன்" என்பார். பொய் இல்லை. ஆனால் ஸ்கேனில் பை காலி. சிகிச்சை நடக்கும் வாரங்கள் முழுக்க நாளொன்றுக்கு இரண்டு லிட்டராவது, பகலில் பரவலாகக் குடிக்க வேண்டும். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு என்று ஏற்கெனவே தண்ணீர் அளவு கட்டுப்பாடு உள்ளவர் என்றால் இந்த அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், முதல் நாளே ரேடியேஷன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே குடித்துவிட்டுப் பஸ் ஏறுவது அடுத்த தவறு. பாலத்தில் டிராஃபிக் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்து, டெக்னீஷியனிடம் "எத்தனை பேர் இருக்காங்க, மிஷின் ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு மாற்று வேட்டியும் சிறிய டவலும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

குடிக்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் அண்ணாந்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்வார்கள். தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். வாய் வைத்து நிதானமாகக் குடிக்கட்டும். சோடா, கூல் டிரிங்க்ஸ் வேண்டாம். கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவை இந்த வாரங்களில் சமையலறைக்கு வெளியே இருக்கட்டும். அவசர அவசரமாகச் சாப்பிடுவதும் வாயுதான்.

காலையில் மலம் கழியவில்லை என்றால் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மலமிளக்கி எது, எவ்வளவு என்று அவர்களே எழுதித் தருவார்கள். பக்கத்து வீட்டுச் சூரணத்தைச் சேர்க்காதீர்கள். அளவு மீறினால் மூன்றாவது வாரத்தில் தானாக வரப்போகிற வயிற்றுப்போக்கை முதல் வாரத்திலேயே அழைத்து வந்ததாகிவிடும்.

ஆம், மூன்றாவது வாரம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒவ்வொன்றாக வரும். சிறுநீர் போகும்போது எரிச்சல், அவசரம், இரவில் நாலைந்து முறை எழுந்திருப்பது, மலத்தில் சளி, அடிக்கடி இளக்கமாகப் போவது, மதியத்தில் தாங்காத அசதி. மூத்திரப்பையின் உள்தோலும் மலக்குடலின் உள்தோலும் புண்பட்டிருப்பதால் இப்படி ஆகிறது. இந்தக் கட்டத்தில்தான் தேற்றுகிறோம் என்று தினம் கீரை, தினம் பழக் கலவை, முழுத் தானியக் கஞ்சி என்று வீட்டில் இறங்குவோம். மலம் இளகத் தொடங்கியதும் அதைத் திருப்பிப் போடுங்கள். குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், தயிர், மோர், வாழைப்பழம், தோல் சீவி வேகவைத்த கேரட் போதும். கீரை எங்கேயும் ஓடிவிடாது. நான்கு முறைக்கு மேல் போனால் ஓ.ஆர்.எஸ். கொடுத்து, மலமிளக்கியை நிறுத்துவதா என்று கேளுங்கள். காபியைக் குறைத்தாலே எரிச்சல் பாதி அடங்கும் என்பவர்கள் உண்டு. காபி மூத்திரப்பையைத் தூண்டும் என்பது உண்மைதான், ஆனால் டிகாஷன் மனிதரிடம் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் வீட்டில் வேறு எரிச்சல் வரும். காலைக் காபி மட்டும் இருக்கட்டும், மாலைக் காபியை நிறுத்திவிடுங்கள்.

அடக்க முடியாமல் போகிறது என்றால், ரகசியமாக முந்நூறு மில்லியோடு நிறுத்திக்கொள்வார். சொல்ல வெட்கம். அதை நீங்கள் டெக்னீஷியனிடமோ டாக்டரிடமோ சொல்லிவிடுங்கள். அவர்களால் அளவைக் குறைத்து, அதையே தினமும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வைக்க முடியும். நோய்த்தொற்று இருக்கிறதா என்று யூரின் டெஸ்ட்டும் பார்ப்பார்கள்.

கதிர் படும் இடத்தைக் காட்ட இடுப்பில் மையால் போட்ட கோடுகளுக்குத் தனி மரியாதை உண்டு. எண்ணெய்க் குளியல் கிடையாது, நார் போட்டுத் தேய்ப்பது கிடையாது. தண்ணீரை ஊற்றி, டவலால் ஒற்றி எடுக்க வேண்டும். கதிர் படும் இடத்தில் சந்தனம், மஞ்சள், விபூதி, பவுடர் எதுவும் வேண்டாம். நெற்றியில் தாராளமாகப் பூசிக்கொள்ளட்டும். கோடு மங்கினால் பால்பாயின்ட் பேனாவால் நீங்களே வரைந்து விடாதீர்கள், அவர்களிடம் காட்டினால் போதும்.

எத்தனை சிட்டிங், அதாவது எத்தனை தடவை கதிர் என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. பழைய முறையில் 37, 39 என்று ஏழரை எட்டு வாரம் போகும். இப்போது பலருக்கு 60 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவை 20 சிட்டிங்கில், நான்கு வாரத்தில் முடிக்கிறார்கள். தகுந்தவர்களுக்கு 5 சிட்டிங் முறையும் இருக்கிறது. "அவருக்கு 39 கொடுத்தாங்க, நமக்கு ஏன் 20?" என்று வருந்த வேண்டாம். ஒவ்வொரு சிட்டிங்கின் அளவும் அதற்கேற்ப அதிகம்.

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதற்கு விலக்கு, நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எலும்பு ஸ்கேனும் பெட் (PET) ஸ்கேனும். அதற்குப் போடும் ஊசி மருந்து உடம்பில் சில மணி நேரம் கதிர் வீசும். எலும்பு ஸ்கேனில் பயன்படும் டெக்னீஷியம் என்ற கதிர்ப்பொருள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அன்று ஒரு நாள் கர்ப்பிணி மருமகளும் கைக்குழந்தையும் தள்ளி இருக்கட்டும். நிறையத் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து சிறுநீர் கழித்து, இரண்டு முறை ஃப்ளஷ் செய்யட்டும்.

இரவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீடுகளில் ஆபத்து நடப்பது அதிகமும் இரவில்தான். சிறுநீர் சுலபமாக இறங்க டாம்சுலோசின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். அது படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தத்தை இறக்கித் தலையைச் சுற்ற வைக்கும். இன்னொரு பக்கம் ஹார்மோன் ஊசி எலும்பைப் பலவீனமாக்கிக்கொண்டிருக்கும். இருட்டு, அவசரம், தலைசுற்றல், ஈரத் தரை, பலவீனமான எலும்பு. இடுப்பெலும்பு முறிய வேறு என்ன வேண்டும்? கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வாசலில் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, அந்த அளவைப் பகலுக்கு மாற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பிளாஸ்டிக் யூரின் கேனைக் கட்டிலடியில் வைத்தால் முதல் நாள் முறைப்பார், மூன்றாம் நாள் அவரே கேட்பார்.

ஒரு எச்சரிக்கை. சளி, மூக்கடைப்பு என்று கடையில் வாங்கும் மாத்திரைகளில் பலவும் சிறுநீர் வழியை இறுக்கும் அல்லது மூத்திரப்பையின் தசையைத் தளர்த்தும். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் என்று அட்டையில் போட்டிருக்கும். ஏற்கெனவே குறுகலான வழி, மாத்திரை போட்ட ராத்திரியே அடைத்துக்கொள்ளலாம். அடிவயிறு கல் மாதிரி, முட்டிக்கொண்டு நிற்கும், ஒரு சொட்டு வராது. அது விடியும் வரை பொறுக்கிற விஷயம் இல்லை. அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்க் குழாய் போட வேண்டும். சளிக்கு ஆவி பிடியுங்கள்; மாத்திரை வேண்டுமானால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இனி ஹார்மோன் ஊசி. லூப்ரோலைட், கோசெரெலின், டிரிப்டோரெலின் என்று பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான்: இந்தப் புற்றுநோய்க்குத் தீனி போடும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் விதையிலிருந்து சுரப்பதை நிறுத்துவது. மாத ஊசி, மூன்று மாத ஊசி, ஆறு மாத ஊசி என்று உண்டு. இந்த ஊசிகள் முதலில் ஒன்றிரண்டு வாரம் சுரப்பைக் கூட்டிவிட்டுத்தான் அடக்கும். அந்த எழுச்சியைத் தடுக்கவே முன்கூட்டி பைகலுட்டமைடு மாத்திரை தருகிறார்கள். "ஊசிதான் போட்டாச்சே, மாத்திரை எதுக்கு" என்று நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொன்ன நாள் வரை போட வேண்டும். அடுத்த ஊசித் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள், ஒரு வாரம் முன்பே மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியே வாங்கிக்கொண்டு போவதென்றால் எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்று அட்டையைப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகிற பொருள் அல்ல அது.

ஊசியின் பக்க விளைவுகளில் ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு முகத்துக்கு ஏறும், வேர்த்துக் கொட்டும், ரெண்டு நிமிடத்தில் குளிரும். மாதவிடாய் நிற்கிற வயதில் நீங்கள் யாரிடமும் சொல்லாமல் தாண்டி வந்தது இப்போது அவருக்கு. வேண்டுமானால் இந்த இடத்தில் ஒரு முறை சிரித்துக்கொள்ளலாம், தப்பில்லை. பருத்திப் பனியன், தலைமாட்டில் உலர்ந்த துண்டு, கட்டிலைப் பார்த்து ஒரு டேபிள் ஃபேன். கொதிக்கக் கொதிக்கக் காபியும், கண்ணில் தண்ணீர் வரும் காரமும் சூட்டைக் கிளப்பும். தூக்கமே போகிற அளவுக்கு இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

வயிறு போடும், தோள் வற்றும், மார்பு லேசாக வீங்கி வலிக்கும். சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். சர்க்கரையே இல்லாதவருக்கும் ஊசி தொடங்கி மூன்று மாதத்தில் ஒரு முறை ரத்தம் பாருங்கள். வெறும் நடைப்பயிற்சி தசையைக் காப்பாற்றாது. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்குவது பத்து. ஜிம் வேண்டாம், டிவியில் விளம்பரம் ஓடும் நேரம் போதும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை என்று கேட்டுவிட்டுத்தான்.

எலும்புக்கு நாளொன்றுக்குக் கால்சியம் 1,000 முதல் 1,200 மில்லிகிராம், உணவும் மாத்திரையும் சேர்த்து. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் ஒரு கிண்ணம் கூழில் மாவு நாற்பது ஐம்பது கிராம்தான். ஆகவே ராகி மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், தயிரும் வேண்டும், பெரும்பாலும் மாத்திரையும் வேண்டும். கால்சியம் மாத்திரையை தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் ஏறாது. நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலும்பைக் காக்க ஜோலட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் ஊசி எழுதினால் அதற்கு முன் பல் டாக்டர். ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாம் முதலில் முடித்துவிட வேண்டும். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப் போகிற ஆபத்து உண்டு.

சிலருக்கு, அதே ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராடெரோன் மாத்திரையும் சேரும். வீட்டில் மிக அதிகமாகக் குழம்புவது இதில்தான், ஏனென்றால் இதற்குத் துணையாக வரும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு நேர் எதிர் விதி. அபிராடெரோன் வெறும் வயிற்றில்: முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு சேர்ந்து ஒரு வேளை. பிரட்னிசலோன் சாப்பாட்டுக்குப் பின். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, இட்லி சாப்பிட்டதும் மொத்தமாக விழுங்கினால் அபிராடெரோன் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். கூடுதலாக ஏறினால் கூடுதல் பலன் என்று அர்த்தமில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்ததும் தண்ணீரோடு அபிராடெரோன், ஏழு மணிக்குப் பிறகு காபி, எட்டரைக்கு இட்லி, அதன்பின் பிரட்னிசலோன் என்று வைத்துக்கொண்டால் சுலபம். பால் கலந்த காபியும் சாப்பாடுதான். வாரம் ஒரு முறை வீட்டிலேயே ரத்த அழுத்தம் பாருங்கள், கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பாருங்கள். பிரட்னிசலோனைத் தீர்ந்துவிட்டது என்று சட்டென நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அபிராடெரோனை வெறும் கையால் எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

மனசு விஷயம். சீரியல் பார்த்துக் கண் கலங்குவார், உப்புக் கம்மி என்று தட்டைத் தள்ளுவார், விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்துகொண்டு பழைய கணக்கெல்லாம் பேசுவார். பாதி அவர் பேசுவது, பாதி ஊசி பேசுவது. ராத்திரி நேரத்தில் பதில் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் ஒரு பக்க விளைவாக எண்ணி டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் முன்னாலேயே சொல்லலாம்.

திடீரென்று கட்டிலை ஹாலுக்கு மாற்றிக்கொள்ளும் ஆண்கள் உண்டு. உங்கள் மேல் கோபம் இல்லை. ராத்திரி நாலு முறை எழுவது, வேர்வை நாற்றம், ஒழுகிவிடுமோ என்ற பயம், எல்லாவற்றுக்கும் மேல் உடம்பில் ஆசையே வராமல் போனது. டெஸ்டோஸ்டீரோன் அந்த அளவுக்கு இறங்கினால் ஆசை இருக்காது. அது ரசாயனம். தொட்டுக்கொண்டு பக்கத்தில் படுப்பதற்கு எந்த ஹார்மோனும் தேவையில்லை. சிலர் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் விறைப்புக்கான மாத்திரைகளான சில்டெனாஃபில், டாடாலாஃபிலைத் தாங்களே கடையில் வாங்கி வந்துவிடுவார்கள். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். இதை மட்டும் எப்படியாவது அவர் காதில் போட்டுவிடுங்கள்.

புராஸ்டேட்டை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டில் முதல் ஒன்று, இரண்டு வாரம் சிறுநீர் இறங்கப் போட்ட குழாயோடுதான் பிழைப்பு. குழாயின் முனையில் சிறுநீர் சேரும் பை எப்போதும் மூத்திரப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. பாதிக்கு மேல் நிறைந்ததும் காலி செய்யுங்கள். குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டுத் தளர்வாக நிறுத்திவைக்க வேண்டும். இழுபட்டால் உள்ளே தையல் போட்ட இடம்தான் இழுபடும். தினம் இரண்டு முறை சோப்புத் தண்ணீரால், உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வெளிர் ரோஜா நிறம் பரவாயில்லை. கட்டி கட்டியாக ரத்தமோ, இரண்டு மணி நேரமாக ஒரு சொட்டும் வராமலோ இருந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்கு. தெருமுனை கிளினிக்கில் குழாயை மாற்றக் கூடாது. எனிமாவும் கூடாது.

குழாய் எடுத்த பின் ஒழுகும். எழும்போதும் இருமும்போதும் ஒழுகும். இது மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். குழாய் இருக்கும்போது இடுப்படிப் பயிற்சி செய்யக் கூடாது. எடுத்த பிறகு, வாயுவை அடக்குவது போல் உள்ளே இழுத்து ஐந்து எண்ணி, விட்டு ஐந்து எண்ணி, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிறு இறுகினாலோ மூச்சைப் பிடித்தாலோ தப்பாகச் செய்கிறார் என்று அர்த்தம். பேண்ட் மாதிரி டயப்பரை விட உள்ளாடையில் ஒட்டும் பேட் விலையும் குறைவு, வெளியே தெரியவும் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனைந்தது என்று எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஃபைலைப் பற்றி. பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். அதில் நோயின் வீரியத்தைக் காட்ட, கிளீசன் என்று இரண்டு எண் கூட்டிப் போட்டிருக்கும். 3+4-ம் 4+3-ம் கூட்டினால் ஏழுதான், ஆனால் 4+3 வீரியம் கூடியது, ஆகவே மொத்தத்தை மட்டும் சொல்லாதீர்கள். அட்டையின் உள்பக்கத்தில் கையால் ஒரு கட்டம் போட்டு, தேதி, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை), ஊசி என்று எழுதிக்கொண்டே வாருங்கள். புது டாக்டர் பத்து விநாடியில் படித்துவிடுவார். ரேடியேஷன் முடியும் நாளில் மொத்தம் எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், எந்தப் பகுதி என்ற சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அது எதற்கு என்றால், ஒன்றிரண்டு வருடம் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். மூலம் என்று நினைத்து வேறு டாக்டரிடம் போவோம். அவர் குழாய் விட்டுப் பார்த்து, சிவந்த இடத்தில் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரில் அப்படிச் சதை எடுத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழும் வாய்ப்பு உண்டு. "இவர் ரேடியேஷன் எடுத்தவர்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லி, அந்தத் தாளைக் காட்டி, ரேடியேஷன் டாக்டரோடு பேசச் சொல்லுங்கள்.

பி.எஸ்.ஏ. எப்போதும் ஒரே லேபில். லேபுக்கு லேப் முறை மாறும், எண்ணும் மாறும். எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் உறவும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். யூரின் தொற்று இருந்தாலும் ஏறும். ஆபரேஷன் செய்தவருக்குக் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். ரேடியேஷன் எடுத்தவருக்கு அப்படி இல்லை, சுரப்பி உள்ளேயே இருக்கிறது. எண் மாதக் கணக்கில் இறங்கி, நடுவில் சற்று ஏறி, மறுபடி இறங்கும். இருந்ததிலேயே குறைந்த எண்ணிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்வது வழக்கம். 0.6 இருந்தது 0.9 ஆனது என்று ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம்.

எலும்புக்குப் பரவியவர் வீட்டில் ஒன்றை மட்டும் பரபரப்போடு கவனிக்க வேண்டும். புதிதாக முதுகுவலி, அதோடு கால் துவள்வது, மரத்துப் போவது, சிறுநீர் மலம் தெரியாமல் போவது. தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள். நாளைக்கு என்று தள்ளினால் கால் திரும்பாமல் போகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு, ராத்திரியானாலும். கீமோ நடப்பவருக்குக் காய்ச்சல் 100.4 தொட்டாலும் அப்படித்தான், பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கிற கதை இல்லை.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், கட்டிவிட்டுப் பிறகு கேட்க முடியாது. சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள், மூத்த குடிமகன் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

மகன்களுக்கும் அவருடைய தம்பி அண்ணன்களுக்கும் சொல்ல வேண்டும். 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேசட்டும். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோயும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

கடைசி சிட்டிங் முடிந்த அன்று எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். எரிச்சலும் போக்கும் அதற்குப் பிறகும் நாலைந்து வாரம் இருக்கும், அசதி அதற்கும் மேல். பழனிக்கு வேண்டுதல் இருந்தால் அடுத்த வாரமே கிளம்ப வேண்டாம், ஒன்றரை மாதம் போகட்டும். பஸ்ஸை விட ரயில் நல்லது, கீழ் பெர்த், பெட்டியின் கடைசியில், பாத்ரூம் பக்கமாக. மலைக்கு விஞ்ச்சில் ஏறினாலும் அங்கேயும் வரிசைதான். வரிசையில் நிற்கும் முன் ஒரு தடவை பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள். இனி அடக்க வேண்டியதில்லை.